லட்சத்தீவுல கப்பல்ல இருந்து இறங்கி ஒரு பகல்: மலைக்காரங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குன்னூருக்கு திரும்பி வந்த நாள்ல இருந்து தெரிஞ்சவங்க அத்தன பேரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, ராத்திரி கப்பல்ல தூங்கிட்டு பகல்ல தீவுல இறங்கி சாயங்காலம் திரும்ப கப்பல் ஏறணுமாமே, அது எப்படிங்க, வயசானவங்களுக்கு ஒத்து வருமா, நீச்சல் தெரியாதவங்க போலாமான்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி பாதி விட்டுப் போகுது, அதனால முழுசா எழுதிடறேன். போனது நான், என் வீட்டுக்காரர், பத்து வயசு பொண்ணு, அப்புறம் 63 வயசு அம்மா. அம்மா இலங்கையில ஹட்டன் பக்கம் தோட்டத்துல பிறந்தவங்க, சின்ன வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கி, கோத்தகிரி பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுல வளந்தவங்க. அதுக்கப்புறம் கடலையே பாக்காதவங்க. அவங்கள வெச்சுதான் இந்த ட்ரிப்ப நான் கத்துக்கிட்டேன்.

முதல்ல இது என்ன ட்ரிப்னு சொல்லிடறேன். லட்சத்தீவு அரசாங்கத்து சுற்றுலா பிரிவு சமுத்ரம்னு ஒரு பாக்கேஜ் வெச்சிருக்காங்க, கொச்சியில கப்பல் ஏறி கல்பேனி, மினிக்காய், கவரத்தின்னு மூணு தீவு. தங்கறது கப்பல்லயே, பகல்ல மட்டும் தீவு, மதிய சாப்பாடு தீவுல. படத்துல வர்ற மாதிரி நீச்சல் குளமும் டான்ஸும் இருக்கிற பெரிய குரூஸ் கிடையாது, தீவுக்காரங்களும் ஊருக்கு போக இதே கப்பல்லதான் வருவாங்க, மடியில குழந்தையோட, அட்டைப்பெட்டியோட. எனக்கு அதுதான் புடிச்சுது. மழைக்காலத்துல கடல் கொந்தளிப்பா இருக்கும், அதனால அக்டோபர்ல இருந்து மே வரைக்கும்தான் சீசன், அதுலயும் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும். தேதியும் கட்டணமும் மாறிக்கிட்டே இருக்கும், புக் பண்றதுக்கு முன்னாடி அவங்க சைட்டுலயே பாத்துக்கோங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

பெர்மிட் இல்லாம லட்சத்தீவுல காலெடுத்து வைக்க முடியாது. பாக்கேஜ்ல போனா ஏற்பாடு பண்றவங்களே வாங்கித் தருவாங்க, நம்ம பக்கத்துல இருந்து அடையாள அட்டை, போட்டோ, போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் இதெல்லாம் கேப்பாங்க, கேட்டதும் உடனே குடுத்துடுங்க, கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு எங்க வீட்டுலயே ஒரு பேச்சு வந்துச்சு. எனக்கு அப்படி தோணல. 2024 மே மாசத்துல இருந்து நம்ம நீலகிரி மலைக்கு வர்றதுக்கே இ-பாஸ் போட்டிருக்காங்க, ஏன் போட்டாங்கன்னு மே மாசம் சீசன் கூட்டத்துல சிம்ஸ் பார்க் ரோட்டுல ஆம்புலன்ஸ் நிக்கறத பாத்தவங்களுக்கு தெரியும். அங்க எல்லா தீவையும் சேத்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான், 36 தீவுல ஆள் இருக்கிறது பத்துல. அந்த சின்ன இடத்துக்கு கணக்கில்லாம ஆள் போனா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

கொச்சிக்கு முந்தின நாளே போயிடுங்க. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், அங்க இருந்து ரயில்ல எர்ணாகுளம். அன்னிக்கே கிளம்பி அன்னிக்கே கப்பல் ஏறிடலாம்னு கணக்கு போடாதீங்க, அக்டோபர் நவம்பர்ல பர்லியார் ரோட்டுல ஒரு மரம் சாஞ்சாலே போதும், கப்பல் நமக்காக நிக்காது.

துணி விஷயத்துல நம்ம ஆளுங்க செய்யற தப்பு ஒண்ணு இருக்கு. நாம ஆறாயிரம் அடி உயரத்துல இருக்கோம், காலையில வெயில் எங்க விழுதுன்னு தேடிப் போய் முதுக காட்டி உக்காருவோம், வெயில்னா நமக்கு சுகம். அந்த பழக்கத்தோட தீவுல இறங்குனா ஒரு மணி நேரத்துல தோல் எரிஞ்சுடும். மேல இருந்து அடிக்கிறது ஒண்ணு, தண்ணியில பட்டு வர்றது ஒண்ணு, வெள்ள மணல்ல பட்டு வர்றது இன்னொண்ணு, தொப்பி போட்டாலும் தாடைக்கு கீழ சுடும். காத்து வீசிட்டே இருக்கறதால சுடறது அப்ப தெரியாது, ராத்திரிதான் தெரியும். அதனால முழுக்கை வெச்ச மெல்லிசான காட்டன், தொப்பி, கழுத்துக்கு ஒரு துண்டு. சன்ஸ்கிரீன் வாங்கறப்ப பின்னாடி இருக்கிற பட்டியல்ல ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்னு இருந்தா வேற வாங்கிக்கோங்க, கடல்ல இருக்கிற பவளப்பாறைக்கு கெடுதல்னு ஹவாய்ல அதெல்லாம் 2021ல இருந்து விக்கவே கூடாதுன்னு வெச்சிருக்காங்க. என்ன கேட்டா முழுக்கை துணிதான் முதல்ல, க்ரீம் முகத்துக்கும் பாதத்துக்கும் மட்டும் போதும்.

சேலை வேண்டாம், இத கண்டிப்பா சொல்றேன். அம்மா சேலையத் தவிர வேற கட்டாதவங்க, சுடிதார்னு சொன்னதும் ரெண்டு நாள் மூஞ்சி குடுத்து பேசல. ஆனா போட்ல இறங்கறப்ப ரெண்டு காலும் தனித்தனியா வேலை செய்யணும், கொசுவம் தடுக்குனா அவ்வளவுதான். ஜீன்ஸும் வேண்டாம், நனஞ்சா கல்லு மாதிரி கனக்கும், சாயங்காலம் வரைக்கும் காயாது. செருப்பு, பின்னாடி பட்டை வெச்ச ரப்பர் சாண்டல், தண்ணிக்குள்ளயும் அதோடயே நடக்கற மாதிரி.

வாந்தி மாத்திரை பத்தி ஒரு வார்த்தை. நாம கல்லட்டி மலைப்பாதையில 36 வளைவையே கண்ண மூடிட்டு இறங்கறவங்க, கப்பலெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். முதல் ராத்திரி அவர்தான் படுத்தார். பஸ்ல வளைவு வர்றது கண்ணுக்கு முன்னாடியே தெரியும், உடம்பு தயாராயிடும். கப்பல் கேபின்ல சுவர் அசையாம நிக்கிற மாதிரி கண்ணு சொல்லும், காதுக்குள்ள இருக்கிறது இல்ல அசையுதுன்னு சொல்லும், அந்த சண்டையிலதான் குமட்டல் வருது. மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி கப்பல் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடணும், குமட்டுனதுக்கு அப்புறம் போட்டா பிரயோஜனமில்ல. வந்துட்டா மேல் தளத்துக்கு போய் தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாத்துட்டு நில்லுங்க. மினிக்காய்க்கு போற ராத்திரி ஒன்பது டிகிரி கால்வாய தாண்டணும், 200 கிலோமீட்டர் அகலத்துக்கு மறைவே இல்லாத கடல், அன்னிக்கு ராத்திரி சாப்பாட்ட கம்மியா வெச்சுக்கோங்க.

காலையில கப்பல்ல

தீவுல கிடைக்கிறது முழு பகல்னு நினைச்சுடாதீங்க. எல்லாரையும் போட்ல ஏத்தி இறக்கி கரை சேத்து திரும்ப கூட்டிட்டு வர்ற நேரத்த கழிச்சா நிஜமா கையில இருக்கிறது ஆறு மணி நேரம் பக்கம்தான். அதனால சீக்கிரம் எந்திரிக்கணும். ஆறு மணிக்கு முன்னாடி குளிக்கிற வேலைய முடிச்சுடுங்க (குளியல கூட சாயங்காலத்துக்கு வெச்சுக்கலாம், எப்படியும் உப்புத்தண்ணியில முங்கத்தானே போறோம்), இட்லி இல்ல உப்புமா ஏதோ ஒண்ணு, வயிறு காலியாவும் இருக்கக்கூடாது முட்ட முட்டவும் கூடாது. முதல் போட்ல போயிடுங்க. முதல் போட்ல போறவங்களுக்கு வெயில் ஏறாத ஒரு மணி நேரம் கூடுதலா கிடைக்குது, லகூன் (தீவ சுத்தி பவளத்திட்டுக்கு உள்ள இருக்கிற ஆழமில்லாத கடல்) தண்ணியும் அப்பதான் கலங்காம கண்ணாடி மாதிரி இருக்கு. முதல் நாள் கல்பேனியில நாங்க டீக்கு ரெண்டாவது தடவ வரிசையில நின்னுட்டு மூணாவது போட்லதான் போனோம், பொண்ணு இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக் காட்டறா.

ஒரு பை போதும். அதுல ஆளுக்கு ஒரு செட் மாத்துத்துணி, துண்டு, தண்ணி, போட வேண்டிய மாத்திரை, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம் (ஏடிஎம் நம்பி போகாதீங்க), பிளாஸ்டர், ஒரு டெட்டால் பாட்டில். போனையும் மாத்திரையையும் ஜிப் வெச்ச கவர்ல போட்டு அத துண்டுக்குள்ள சுருட்டி வைங்க. அப்புறம் ஒரு காலி துணிப்பை, எதுக்குன்னு கீழ சொல்றேன்.

போட்ல இறங்கறது

மொத்த நாள்ல இந்த பத்து செகண்ட்தான் கஷ்டம், அதனால இத நிதானமா படிங்க.

கப்பல் தீவோட கரைக்கு வராது. தீவ சுத்தி பவளத்திட்டு வேலி மாதிரி இருக்கு, அதுக்குள்ள லகூன், ஆழம் ரொம்ப கம்மி, பெரிய கப்பல் உள்ள வந்தா தட்டிடும். அதனால கப்பல் வெளியவே ஆழத்துல நிக்கும், சின்ன போட்டுங்க வந்து பக்கத்துல ஒட்டி நிக்கும், கப்பலோட பக்கவாட்டு கதவு வழியா அதுக்குள்ள இறங்கணும். கப்பல் லேசா அசையும், போட்டு மேலயும் கீழயும் போகும், நம்ம பாதத்துக்கு நேரா இருந்த பலகை அடுத்த நொடி மூணு அடி கீழ இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். லைஃப் ஜாக்கெட்ட கதவுக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டு, முன்னாடி கொக்கி எல்லாத்தையும் மாட்டி, பட்டைய இழுத்து இறுக்கிடணும், தோள்பட்டைய பிடிச்சு மேல தூக்கி பாத்தா அது காதுக்கு ஏறக்கூடாது. ரெண்டு கையும் காலியா இருக்கணும், போன், கூலிங் கிளாஸ், குழந்தையோட பொம்மை எதுவும் கையில கூடாது, பைய முதல்ல போட்டுக்காரங்ககிட்ட குடுத்துடுங்க. அவங்க விரல பிடிக்க மாட்டாங்க, மணிக்கட்டுக்கு மேல பிடிப்பாங்க, நீங்களும் அவங்க மணிக்கட்ட பிடிச்சுக்கணும், அப்ப ஒருத்தர் கை வழுக்குனாலும் இன்னொருத்தர் பிடி நிக்கும். போட்டு மேல ஏறி கதவோட மட்டத்துக்கு வர்றப்ப அவங்க 'இப்போ'ன்னு சொல்லுவாங்க. சொன்னதும் முழு கால வெச்சு முழு பாரத்தோட போயிடணும். குதிக்க வேண்டாம், தயங்கவும் வேண்டாம்.

தயங்குனா என்ன ஆகும்னு முதல் நாளே பாத்தோம். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவங்க, மழையில வழுக்கற சரிவுல கூடையோட நடந்தவங்க, சரிவுல எப்படி நடக்கணும்னா முதல்ல பாதத்த மெதுவா வெச்சு பாத்து, மண்ணு தாங்குதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் பாரத்த மாத்தணும். கதவுல நின்னு அதையே செஞ்சாங்க. வலது பாதத்த போட்டு விளிம்புல வெச்சு சோதிச்சாங்க, அதுக்குள்ள போட்டு கீழ போயிடுச்சு, கால் அந்தரத்துல. ரெண்டு பேர் அப்படியே தூக்கி உள்ள உக்கார வெச்சுட்டாங்க, ஒண்ணும் ஆகல, ஆனா முழங்காலுக்கு கீழ தோல் உரிஞ்சு போச்சு, எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. அடுத்த நாள் காலையில கப்பல் கதவுல அம்மாகிட்ட ஒரு போட்டுக்கார தம்பி அவர் பாஷையில பொறுமையா கையாட்டி காட்டினார், அம்மா, நீங்க பாக்க வேண்டாம், நான் பாக்கறேன், நான் சொன்னா வாங்கன்னு. அம்மா கண்ண அவர் முகத்துலயே வெச்சுக்கிட்டு ஒரே அடியில உள்ள போயிட்டாங்க. அவ்வளவுதாங்க விஷயம். அலைய அவங்க பாப்பாங்க, நீங்க அவங்க முகத்த பாருங்க.

வயசானவங்களையும் குழந்தையையும் நடுவுல விடுங்க, முன்னாடி ஒருத்தர் இறங்கி உள்ள நிக்கணும், கடைசியா ஒருத்தர். உள்ள போனதும் நிக்காம உக்காந்துடுங்க, பின் பக்கம் குலுக்கல் கம்மி, முன் பக்கம் தூக்கிப் போடும், இடுப்பு வலி உள்ளவங்க முன்னாடி உக்காரவே கூடாது. நடக்கவோ குனியவோ முடியாதவங்க, முட்டி ஆபரேஷன் பண்ணவங்க, அன்னிக்கு அலை அதிகமா இருந்தா கப்பல்லயே இருந்துடறது தப்பில்ல, மேல் தளத்துல உக்காந்தா தீவு முழுசா தெரியும். இத கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி வெச்சுடுங்க, கதவுல நின்னு பேசாதீங்க.

தண்ணிக்குள்ள

கரை சேந்ததும் இளநி குடுப்பாங்க, குடிச்சுட்டு நேரா தண்ணிக்கு போயிடுங்க, ஊர் சுத்தறத அப்புறம் வெச்சுக்கலாம். கல்பேனி இதுக்கு ரொம்ப நல்லது, பெரிய லகூன், அதே லகூனுக்குள்ள திலக்கம், பிட்டி, செரியம்னு குட்டி தீவுங்க. கரைய ஒட்டி ஒரு பக்கம் பவளக்கல்லு மேடு மேடா குவிஞ்சு கிடக்கும், 1847ல அடிச்ச பெரும்புயல் அள்ளி போட்டதுன்னு சொல்றாங்க. தீவோட உயரமே கடல் மட்டத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு மீட்டர் இருந்தா அதிகம், நம்ம வீட்டு மொட்டை மாடி அங்க மலை மாதிரி. அந்த கல்லு குவியல பாத்துட்டு திரும்பி ஊர பாத்தா வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு.

நீச்சல் தெரியலன்னா பரவாயில்ல, எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டோட ஸ்னார்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேல மிதந்துக்கிட்டே தண்ணிக்குள்ள பாக்கறது) பண்ணலாம். மாஸ்க்க பட்டை போடாம முகத்துல வெச்சு மூக்கால உறிஞ்சி பாருங்க, கைய எடுத்தாலும் விழாம ஒட்டிக்கிட்டு நின்னா அளவு சரி. ஒரு முடி உள்ள மாட்டிக்கிட்டாலும் தண்ணி கசியும், தலைய நல்லா பின்னாடி இழுத்து கட்டுங்க. உள் கண்ணாடியில எச்சில் தடவி கழுவுனா பனி மூடாது. அப்புறம் இடுப்பளவு தண்ணியில நின்னு முகத்த மட்டும் முக்கி, வாயால மூச்சு விடற பழக்கத்த அஞ்சு நிமிஷம் பழகுங்க, அவசரப்பட்டு உள்ள போனா பயத்துல மூக்கால இழுத்து இருமல் வரும், அதோட பல பேர் வெளிய வந்துடறாங்க. ஜோடியா போங்க, ஒருத்தர விட்டு ஒருத்தர் போகக்கூடாது.

உள்ள என்ன தெரியும்னு கேட்டா, நான் முகத்த முக்குனதும் முதல்ல பாக்கல, கேட்டேன். கரக் கரக்னு யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி சத்தம். கிட்ட போய் பாத்தா பச்சையும் ஊதாவுமா ஒரு கிளிமீன், கிளி மூக்கு மாதிரியே வாய், பவளக்கல்ல கடிச்சு சுரண்டிக்கிட்டு இருந்துச்சு. கல்லு மேல இருக்கிற பாசிய தின்னுட்டு கல்ல மணலா பின்னாடி விட்டுடுது. நாம படுத்து போட்டோ எடுக்கற வெள்ள மணல்ல நிறைய அது விட்டதுதான்.

கண்ணாடி அடிப்பாகம் வெச்ச போட்டும் இருக்கு, அம்மா அதுலதான் போனாங்க, தண்ணியில இறங்க முடியாதவங்களுக்கு அது போதும், நல்லாவே தெரியும்.

பவளத்து மேல நிக்காதீங்க, தொடாதீங்க. அது கல்லு மாதிரி இருந்தாலும் மேல இருக்கிறது உசுரு, ஒரு கை அளவு வளரவே பல வருஷம் ஆகும். கடல் சூடேறி 1998லயும் 2016லயும் அங்க நிறைய பவளம் வெளுத்து செத்திருக்கு, மிச்சம் இருக்கிறத நாம மிதிக்க வேண்டாம். நமக்கும் ஆபத்து இருக்கு. என் வீட்டுக்காரர் சாண்டல கழட்டிட்டு நாலு அடி நடந்தார், பாதத்துல ப்ளேடு போட்ட மாதிரி கீறல். பவளம் கீறுன காயம் சீக்கிரம் ஆறாது, உள்ள துணுக்கு தங்கி சீழ் வெச்சுடும், உடனே நல்ல தண்ணியில நிறைய கழுவி, துணுக்க எடுத்துட்டு மருந்து போடணும். அவருக்கு வலி அடங்க ரெண்டு வாரம் ஆச்சு. கூம்பு மாதிரி அழகா இருக்கிற சங்க கையில எடுக்காதீங்க, அதுல விஷம் உள்ள இனம் இருக்கு. செத்த பவளமா இருந்தாலும் பையில போடாதீங்க, வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல வர்றது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், சீசன்ல வர்றவங்க நம்ம சோலையில இருந்து செடிய பிடுங்கிட்டு போறப்ப நமக்கு எப்படி வயிறு எரியுது.

பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறிடும், தண்ணிய விட்டு வெளிய வந்துடுங்க. அதுக்கு முன்னாடியே வத்தம் (கடல் தண்ணி இறங்கற நேரம்) வந்துச்சுன்னா லகூன் முழங்கால் அளவுக்கு இறங்கிடும், அப்ப நீந்தறதுக்கும் இல்ல, காலெல்லாம் கல்லுல உரசும். வத்தமும் ஏத்தமும் தினம் ரெண்டு தடவ வரும், நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரம் கிட்ட தள்ளிப் போகும், காலையிலயே போட்டுக்காரங்ககிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

சாப்பாடும் ஊரும்

மதியம் சோறு, சூரை மீன் குழம்பு, தேங்காய் போட்ட கூட்டு. மீன் சாப்பிடாதவங்க முதல் நாளே கப்பல்ல சொல்லிடணும். காரம் நம்ம அளவுக்கு இருக்காது, தேங்காயும் வெல்லமும் சேத்து பண்ற தீவு உண்டை கிடைச்சா வாங்கிடுங்க. சாப்பிட்டதும் தென்னமர நிழல்ல அரை மணி நேரம் படுக்கலாம், ஆனா மேல பாத்துட்டு, காய் இல்லாத மரமா பாத்து படுங்க.

ரெண்டு மணிக்கு மேல ஊருக்குள்ள நடங்க. அங்க இருக்கறவங்க நூத்துக்கு தொண்ணூத்தாறு பேர் முஸ்லிம், தண்ணியில போட்ட துணியோட ஊருக்குள்ள போகக்கூடாது, தோளும் முழங்காலும் மூடி இருக்கணும், ஆம்பளைங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். மது கிடையாது, பையில வெச்சு கொண்டு போற எண்ணமே வேண்டாம். வீட்டு வாசல், பொம்பளைங்க, குழந்தைங்க, யாரையும் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. நாங்க லைன்ல குடியிருந்தப்ப தோட்டம் பாக்க வந்தவங்க கார நிறுத்தி, முதுகுல கூடையோட நிக்கிற அம்மாவ ஒரு வார்த்தை கேக்காம போட்டோ எடுத்துட்டு போவாங்க. அம்மா அப்ப ஒண்ணும் சொன்னதில்ல. மினிக்காய்ல என் பொண்ணு ஒரு வீட்டு பாட்டிய பாத்து போன தூக்குனப்ப, அம்மாதான் அவ கைய கீழ இறக்கி விட்டாங்க.

கவரத்தியில ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு உஜ்ரா பள்ளிவாசல், மேற்கூரை மரச்செதுக்கு வேலை, வெளிய இருந்து மரியாதையா பாத்துட்டு, உள்ள போலாமான்னு கேட்டுட்டு போங்க. இன்னொண்ணு அங்க குடிதண்ணி எப்படி வருதுன்னு கேளுங்க. ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்கும், அதத்தான் கிணத்துல எடுக்கணும், அதிகமா இழுத்தா உப்பு ஏறிடும். 2005ல சென்னை பள்ளிக்கரணைல இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அங்க ஒரு ஆலை போட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். மேல இருக்கிற வெதுவெதுப்பான கடல் தண்ணிய காத்தழுத்தம் கம்மியா இருக்கிற தொட்டியில விட்டா கொதிக்க வைக்காமலே ஆவியாகும், 350 மீட்டர் ஆழத்துல இருந்து குழாய் போட்டு எடுத்த ஜில்லுனு இருக்கிற தண்ணியால அந்த ஆவிய குளிர வெச்சா நல்ல தண்ணி. நம்ம ஆளுங்க செஞ்ச வேலைன்னு தெரிஞ்சப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் கரையில உப்பு கழுவ குழாய திறக்கறப்ப கை தானா பாதியில மூடிடுச்சு. ஆளுக்கு ஒரு சொம்பு போதும்ங்க, மிச்ச குளியல கப்பல்ல வெச்சுக்கோங்க.

நான் சொன்ன காலி துணிப்பை குப்பைக்கு. பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டர் எல்லாம் திரும்ப கப்பலுக்கு, முடிஞ்சா ஊருக்கே. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை வந்து வருஷக்கணக்காச்சு, ஸ்டீல் பாட்டில் தூக்கற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு, அத அப்படியே கொண்டு போனா போதும்.

மினிக்காய்ல ஒரு மத்தியானம்

மினிக்காய் மத்த தீவு மாதிரி இல்ல. பேசறது மலையாளம் இல்ல, மஹல், மாலத்தீவு பாஷை, எழுத்தும் வலமிருந்து இடமா போகும். 1885ல பிரிட்டிஷ்காரங்க கட்டுன லைட் ஹவுஸ் இருக்கு, மேல ஏற விட்டா கண்டிப்பா ஏறுங்க, மலைக்காரங்களுக்கு அந்த படியெல்லாம் ஒண்ணுமே இல்ல, மேல நின்னா லகூன் பச்சையில இருந்து நீலத்துக்கு மாறுற கோடு தெரியும். துண்டி கடற்கரைக்கு 2022ல நீலக்கொடி சான்று (சுத்தமான கடற்கரைக்கு குடுக்கறது) கிடைச்சிருக்கு, அங்கயே முழு நேரத்தையும் விட்டுடாதீங்க, ஊருக்கும் ஒரு மணி நேரம் வைங்க.

நாங்க ஊருக்குள்ள நடந்துட்டு இருந்தப்ப அம்மா சட்டுன்னு நின்னுட்டாங்க. மூக்க உறிஞ்சுனாங்க. "இது மாசி வாசனை புள்ள" அப்படின்னாங்க. பக்கத்துல ஒரு வீட்டு முன்னாடி பாய்ல கருங்காலி கட்டை மாதிரி காய வெச்சிருந்தாங்க. சூரை மீன தூண்டில்ல ஒவ்வொண்ணா பிடிச்சு, வேக வெச்சு, புகை போட்டு, வெயில்ல கட்டையாகிற வரைக்கும் காய வைக்கிறதுதான் மாசி. மாலத்தீவுல இருந்து இலங்கைக்கு போறதும் இதேதான், ஹட்டன்ல அம்மாவோட அம்மா கட்டச் சம்பலுக்கு இடிச்சதும் இதுதான். கோத்தகிரியில இலங்கையில இருந்து வந்த குடும்பங்கள்ல இன்னும் மாசிக்கு ஏங்கறவங்க இருக்காங்க, யாராவது கொழும்புல இருந்து வந்தாத்தான் கிடைக்கும். அந்த வீட்டம்மா ஒரு துண்ட எடுத்து அம்மா கையில குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் பொது பாஷை ஒரு வார்த்தை கூட இல்ல. அம்மா அத நகத்தால சுரண்டி, உள்ள செவப்பு தெரியுதான்னு பாத்து, வாயில போட்டு, தலைய ஆட்டுனாங்க, அந்தம்மா சிரிச்சாங்க. நாங்க போட்டுக்கு போக வேண்டிய நேரம் தாண்டிடும்னு எனக்கு கவலை, ஆனா அம்மாவ அவசரப்படுத்த மனசு வரல. உங்க வீட்டு பெரியவங்களுக்கும் இப்படி ஒரு இடம் அமையலாம், நேரக்கணக்குல அதுக்குன்னு ஒரு அரை மணிய ஒண்ணும் போடாம காலியா விட்டு வைங்க.

திரும்ப கப்பல் ஏறறது

கடைசி போட்டுக்கு நிக்காதீங்க. சாயங்காலம் காத்து ஏறும், அலையும் ஏறும், எல்லாரும் களைச்சிருப்பாங்க, காலையில சுலபமா இறங்குன கதவு இப்ப உயரமா தெரியும். கடைசிக்கு முந்தின போட்டுன்னு முடிவு பண்ணி அதுல இருந்து பின்னாடி கணக்கு போடுங்க, கரைக்கு வர அரை மணி, துணி மாத்த கால் மணின்னு. ஏறறப்பவும் அதே விதிதான், போட்டு மேல வர்றப்ப, அவங்க சொன்னதும், மணிக்கட்ட பிடிச்சு, ஒரே அடி. ஏறுனதும் தலை எண்ணுங்க.

கேபினுக்கு போனதும் உப்ப கழுவுங்க, சாண்டல கூட. ஈரத்துணிய பிழிஞ்சு கேபின் காத்து படற பக்கம் தொங்க விடுங்க, கடல் ஈரத்துல பாதிதான் காயும், அதனால நாளுக்கு ஒரு செட்டு தனியா வேணும். எரியற தோலுக்கு தேங்காய் எண்ணெய் உடனே தடவாதீங்க, சூடு உள்ளயே நிக்கும், ஈரத்துணி போட்டு குளிர வைங்க, கற்றாழை இருந்தா அதப் போடுங்க. நிறைய தண்ணி குடிங்க. போனுக்கு சார்ஜ், பைய அடுத்த நாளைக்கு இப்பவே கட்டி வெச்சுட்டு, குமட்டல் மாத்திரை, எட்டரைக்கு தூக்கம்.

மாசி வாங்குனீங்கன்னா நியூஸ் பேப்பர்ல மூணு சுத்து சுத்தி, எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி வைங்க, இல்லன்னா கேபின் முழுக்க அந்த வாசனைதான். நாங்க அந்த ராத்திரி பேப்பர்ல மட்டும்தான் சுத்துனோம். பொண்ணு மூக்க பொத்திக்கிட்டு மேல் படுக்கையில படுத்தா, அம்மா கீழ படுக்கையில தலைமாட்டுலயே அத வெச்சுக்கிட்டு தூங்கிட்டாங்க.